கோரிக்கை மனு: மன நெருக்கடியில் சில நாள் தங்க ஒரு வீடு வேண்டி

அனுப்புநர்:
மனநலச் சிகிச்சை பெற்று வாழ்ந்துவரும் 11 பேர்,
பரமக்குடி வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: மன நெருக்கடியில் இருப்பவர்கள் தங்குவதற்கு, அதே நிலையைக் கடந்து வந்தவர்கள் நடத்தும் வீடு அமைக்க இடமும் உதவியும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் 11 பேர் சார்பில் இதை எழுதுகிறேன். 2016-ல் நான் மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை. காதில் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பயந்துபோன என் அண்ணன் ராத்திரியோடு ராத்திரியாகக் கார் பிடித்து வெளியூர் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன், அவருக்கு வேறு இடம் தெரியாது. அங்கே முதல் இரண்டு நாள் என் கைகளைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். என்ன கேட்கிறது என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓர் அக்காதான் சொன்னார்: "எனக்கும் கேக்கும்மா. வயிறு காஞ்சா கூடும். ரெண்டு வாய் சாப்பிடு." அன்றைக்குத்தான் சாப்பிட்டேன். மாத்திரை என்னைத் தூங்க வைத்தது, இன்றும் சாப்பிடுகிறேன். ஆனால் பிழைத்துவிடுவேன் என்று தோன்றியது அந்த அக்கா சொன்ன பிறகுதான்.

நாங்கள் 11 பேரும் அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கும் வரிசையில் பழகியவர்கள். தறி நெய்பவர் இருக்கிறார், ஆட்டோ ஓட்டுபவர் இருக்கிறார், கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளையும் இருக்கிறது. ஒருவருக்கு முடியவில்லை என்றால் மற்றவர் போய் உட்காருவோம். போன வருடம் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு, செத்துவிடலாம் போல இருக்கிறது என்று ஒருவர் போன் செய்தார். இரண்டு பேர் போனோம். விடியும்வரை திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம், டீ போட்டுக் குடித்தோம். காலையில் அவரே டாக்டரிடம் வந்தார். அட்மிட் ஆகவில்லை. ஆனால் எல்லா இரவும் திண்ணையில் முடிவதில்லை. சண்டையும் சத்தமுமான வீட்டில், ஒற்றை அறையில் எட்டுப் பேர் படுக்கும் வீட்டில் எங்கே உட்காருவது? இடம் இல்லாத காரணத்தால் மட்டுமே எங்களில் இரண்டு பேர் மறுபடி வார்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

இந்த மாவட்டத்துக்கு இது புதிய துக்கம் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகக் கொட்டகை எரிந்து 28 பேர் உயிரிழந்தார்கள். சங்கிலியில் பிணைத்திருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அப்புறம் காப்பகங்களை மூடினார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. சரி, ஆனால் ஒரு மோசமான இரவில் குடும்பத்துக்கு எட்டும் இடம் இன்றும் இரண்டுதான்: வீட்டில் பூட்டிய அறை, இல்லாவிட்டால் வார்டு. அதே சட்டத்தின் 19-ம் பிரிவு, ஊருக்குள் வசதி இல்லை என்ற காரணத்துக்காக ஒருவர் மனநல நிலையத்திலேயே கிடக்கக் கூடாது என்கிறது. அந்த வசதியைத்தான் கேட்கிறோம்.

நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்தாம்டன் ஊரில் அஃபியா என்றொரு வீடு இருக்கிறது. மூன்று படுக்கையறை, ஏழு இரவு வரை தங்கலாம். அங்கே வேலை பார்ப்பவர்கள் எல்லோருமே இப்படிப்பட்ட நாட்களைப் பார்த்தவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டியில் நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாக அதைச் சேர்த்திருக்கிறது. நம் ஊரிலேயே குடியை விட்டவர்கள் கூடி, குடிப்பவரை மீட்கும் ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றனவே. அனுபவப்பட்டவர் பேச்சுக்கு உள்ள பலம் அதுதான்.

எங்களுக்கு வேண்டியது பயன்பாட்டில் இல்லாத ஓர் அரசுக் கட்டடம். ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை, சமையற்கட்டு, கழிப்பறை போதும். ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் சேர்க்கமாட்டோம், ஒருவர் ஒரு வாரம்வரை தங்கலாம். விருப்பமில்லாமல் யாரையும் கொண்டுவந்து விடக் கூடாது. வெளிப்பூட்டு இருக்காது. நாங்கள் முறை வைத்து இரவு பகலாக இருப்போம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வாரம் ஒரு முறை வந்தால் நல்லது. உயிருக்கு ஆபத்து என்று பட்டால் தயங்காமல் 108-ஐ அழைப்போம். மருத்துவமனை தேவைப்படும் ஆட்கள் உண்டு என்பது எங்களுக்குத் தெரியாததல்ல.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண்களுக்கு ஊக்கத்தொகை கொடுப்பது போல, இரவு விழித்திருப்பவர்களுக்கும் ஒரு தொகை வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர் மறுநாள் சம்பளத்தை இழந்துதான் உட்காருகிறார். மாநில மனநல ஆணையத்தில் பதிவு தேவைப்பட்டால் அதற்கான வழியைச் சொல்ல ஓர் அலுவலரை நியமிக்க வேண்டுகிறோம். இன்னொன்று, வாசலில் 'மனநோய்' என்று போர்டு மாட்டிவிடாதீர்கள். அந்தப் போர்டைத் தாண்டி உள்ளே வர எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கால் வராது.

ஆறு மாதம் சோதனையாக நடத்த அனுமதி கொடுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், எத்தனை பேரை மருத்துவமனைக்கு அனுப்பினோம் என்று மாதா மாதம் எழுதித் தருகிறோம். எந்தத் திங்கட்கிழமை மனு நாளில் வரச் சொன்னாலும் 11 பேரும் நேரில் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(11 பேரின் கையொப்பங்கள்)