இடைவேளையைப் பறிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இக்காலப் பிள்ளைகளுக்குப் படிப்பில் ஊக்கம் குறைந்துவிட்டது என்றும், கைத்தொலைபேசியே அதற்கு முழுக் காரணம் என்றும் வாதிட்டு அண்மையில் தங்கள் பத்திரிகையில் வெளியான வாசகர் கடிதத்தைப் படித்தேன். கைத்தொலைபேசியைப் பற்றி அவர் கூறியதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் கொழும்பு வடக்கில் இருபத்தெட்டு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவள் என்ற முறையில், ஊக்கமின்மை என்று நாம் பெயர் சூட்டும் பலவற்றுக்கு அடியில் வெறும் பசியே கிடக்கக் கண்டிருக்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற உடலியலாளர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனச்சாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர் 36 பேர், பட்டினியால் வாடும் மக்களை மீட்கும் வழியை அறிய உதவும் என்பதற்காகத் தாமாகவே முன்வந்து, 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தனர். உடல் எடையில் ஏறத்தாழ காற்பங்கு போயிற்று. ஒரு ஆசிரியைக்கு அதைவிட முக்கியமானது அவர்களுடைய மனத்துக்கு நேர்ந்ததுதான். சமையற் குறிப்புகளை விழுந்து விழுந்து வாசித்தார்கள், சின்ன விடயத்துக்கும் எரிந்து விழுந்தார்கள், சிரிப்பை மறந்தார்கள், பல்கலைக்கழக வகுப்புகளில் சேர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இடையிலேயே நின்றுவிட்டார்கள். தமது மூளை மழுங்கிவிட்டதாக அவர்கள் முறையிட்டபோதும், அறிவுத்திறன் சோதனைகளில் அத்தகைய வீழ்ச்சி எதுவும் தென்படவில்லை. அறிவு இருந்த இடத்திலேயே இருக்க, அதை எடுத்தாளும் மனம்தான் கையைவிட்டுப் போயிருந்தது.

காலையுணவைத் தவறவிட்ட பிள்ளையை அவர்களோடு ஒப்பிடுவது மிகை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் வளர்ந்தவர்கள். தாம் ஏன் பசித்திருக்கிறோம் என்பதும், அது எப்போது முடியும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகளின் நிலை வேறு. இரத்தத்தில் குளுக்கோசு குறையும்போது அதை உயர்த்த உடல் சுரக்கும் ஓமோன்களில் அதிரினலினும் கோட்டிசோலும் உண்டு. பயத்திலும் கோபத்திலும் சுரப்பவையும் இவையே. ஆகவே தனக்குப் பசிக்கிறது என்பதைப் பதினொரு வயதுப் பிள்ளை அறிவதில்லை. பக்கத்தில் இருப்பவன் தன்னைச் சீண்டுகிறான் என்றுதான் அது அறிகிறது.

பரீட்சைக் காலத்தில் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. புலமைப்பரிசில் பரீட்சை நாளன்று தாய் புட்டைக் குழைத்து ஊட்டவந்தால், பிள்ளை வயிற்றைப் பிரட்டுகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். திடீர்ப் பதற்றம் பசியுணர்வை அடக்கிவிடுகிறதே தவிர, உடலின் உணவுத் தேவையை அடக்குவதில்லை. அதே பதற்றம் மாதக்கணக்கில் நீடிக்கும்போது, உயர்ந்தே நிற்கும் கோட்டிசோல் இனிப்பிலும் எண்ணெய்ப் பண்டங்களிலும் நாட்டத்தைக் கூட்டுகிறது. காலையில் உண்ண மறுத்த அதே பிள்ளை மாலையில் ரோல்ஸும் சோடாவும் கேட்டு அடம்பிடிக்கும்போது, நாம் இரண்டுக்கும் சேர்த்து ஏசுகிறோம்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்து எழுதவில்லை. எனது தரம் 8 வகுப்பில் ஒரு மாணவன் மூன்றாம் பாடவேளையில் மேசையில் தலைவைத்துப் படுத்துவிடுவான். கணக்கை முடிக்காமல் எழும்பக்கூடாது என்று சொல்லி அவனை இடைவேளையிலும் இருத்திவைத்தேன். ஒரு நாள் அல்ல, அந்தத் தவணையில் பலமுறை. அவனுடைய தாய் விடியுமுன்னரே வேலைக்குப் போய்விடுவார் என்பதும், இடைவேளையில் தோழன் பகிரும் பாணும் சம்பலுமே அவனது முதல் உணவு என்பதும் தவணை முடிவில் நடந்த பெற்றார் சந்திப்பில்தான் எனக்குத் தெரியவந்தன. அதுவரை நான் கொடுத்த தண்டனை அவனுடைய தூக்கத்தை வளர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. 2022இல் விலைவாசி ஏறியபோது அவனைப் போன்ற பிள்ளைகள் வகுப்புக்கு ஒருவர் இருவர் என்ற கணக்கு என் கண்முன்னே மாறிப்போனது.

“காலையில் சாப்பிட்டாயா?” என்று வகுப்பின் நடுவே கேட்பதில் பயனில்லை என்பதையும் அனுபவத்தில் கற்றேன். “சாப்பிட்டேன் டீச்சர்” என்ற பதிலே எப்போதும் வரும். பசியைவிட வெட்கம் வலியது. பின்னர் வகுப்பறை அலுமாரியில் கிரீம் கிராக்கர் பெட்டி ஒன்றை வைத்துவிட்டு, எடுப்பவர் யார் என்று பாராமலே இருந்துவிட்டேன்.

அரசின் பாடசாலை உணவு பெரும்பாலும் ஆரம்பப் பிரிவோடு நின்றுவிடுவதால், மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இடைவேளை ஒன்றே கதி. அதைத் தண்டனையாகப் பறிப்பதை ஆசிரியர்கள் கைவிட வேண்டும். அதிபர்கள் அதைத் தடுக்க வேண்டும். அவ்வாறே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வார இறுதிகளில் காலை ஏழு மணி தொடங்கி உச்சிப்பொழுதுவரை ஒரே மூச்சில் ரியூசன் வகுப்பு நடத்துவோர், தமது துண்டுப்பிரசுரத்தில் கட்டண விபரத்துக்குக் கீழே இருபது நிமிட இடைவேளைக்கும் ஒரு வரி ஒதுக்குவார்களாக.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கொழும்பு 13.