பத்தாம் திகதி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுறன். நாங்கள் சுகம். அங்கை குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ. மூண்டு ஞாயிற்றுக்கிழமையாய் உன்ரை கோல் வரேல்லை. வேலை கூடவாய் இருக்கும் எண்டு அம்மாவுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன்.

இண்டைக்குப் பத்தாம் திகதி, பென்சன் வந்திட்டுது. எடுத்துக்கொண்டு வந்து வழமைபோலை உறைகளிலை பிரிச்சு வைச்சன். கரண்ட், மருந்து, அம்மாவின்ரை கோயில், கலியாணவீடு செத்தவீடு. இப்ப அந்தக் கடைசி உறைதான் முதலிலை வெறுமையாகுது. பிறகு எங்கடை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் அரைக்கிலோ விளைமீன் வாங்கினன். மாதக் கடைசியிலை சூடைதான், உனக்குத் தெரியும்.

நீ காசு அனுப்பாதை. 34 வருசம் அரசாங்கக் கச்சேரியிலை எழுதின கை, ஒருத்தரிட்டையும் நீட்டினதில்லை. உங்கடை வீட்டுக்கடனைப் பாருங்கோ. மாதாமாதம் கொஞ்சமாவது ஒதுக்கி வை. என்ன வந்தாலும் பாங்கிலை போட்ட முதலை உடைக்காதை. நீ சின்னனிலையிருந்து கேட்டதுதான், எண்டாலும் திரும்பச் சொல்லுறன், முதலை உடைக்காதை.

முந்தி பாங்கிலை 60 வயசு தாண்டினவையின்ரை டிப்போசிட்டுக்கு 15 வீத வட்டி தந்தவை. 10 இலட்சத்துக்கு மாதம் 12,500. எங்களுக்கு அது ரெண்டாவது பென்சன். மீன், பால்மா, அம்மாவின்ரை ஓட்டோக்காசு எல்லாம் அதிலைதான் ஓடினது. 2022 இலை நிப்பாட்டிப் போட்டினம். அந்த வருசம் செப்டெம்பரிலை விலைவாசி முந்தின வருசத்தைவிடக் கிட்டத்தட்ட 70 வீதம் கூடியிருந்தது. வட்டியை நம்பி வைச்ச கணக்கெல்லாம் பிழைச்சுப் போச்சு. அண்டைக்குப் பிடிச்ச பயம் இன்னும் விடேல்லை. நான் முந்திப் போனால் அம்மாவுக்கு விதவைகள் அநாதைகள் பென்சன் இருக்கு, அதுக்குச் சம்பளத்திலை கழிச்சவை. ஆனால் அதை மட்டும் வைச்சு அவ எப்பிடிச் சீவிப்பா எண்டு இரவிலை கணக்குப் பார்ப்பன்.

அந்தப் பயத்திலைதான் பிள்ளை அப்பிடிச் செய்தன். அம்மாவின்ரை கண் ஒப்பரேசனுக்கு எண்டு தை மாதம் நீ அனுப்பின காசை ஒரு வருசத்துக்கு பிக்ஸ்ட் டிப்போசிட்டிலை போட்டிட்டன். ஆஸ்பத்திரியிலை இலவசமாய்ச் செய்வினம், முறை வரும் எண்டு அவவை மறிச்சன். முறை வர முதல் கிணத்தடியிலை விழுந்தா. வழுக்கி விழுந்தவ எண்டு உனக்குச் சொன்னன். வழுக்கேல்லை. நான் வாளியை நடைபாதையிலை வைச்சிருந்தன், அவவுக்கு அது தெரியேல்லை. நீல வாளி, பட்டப்பகல்.

நேற்று அந்த டிப்போசிட்டை உடைச்சிட்டன். வட்டி வெட்டினவை, வெட்டட்டும். வியாழக்கிழமை கண் டொக்டரிட்டைப் போறம்.

அம்மா உனக்கு முந்தியே சொல்லிப்போட்டாவோ தெரியாது. நான் அவவைக் கேக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை கோல் எடு. ஏழு மணிக்கு நான் கேற்றடியிலை போய் நிப்பன், நீ அம்மாவோடை கதை.

அன்புடன்,
அப்பா