ஒயிட் நதியில் வானிலை மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

குளிர்கால மீன்பிடிப் பயணம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து ஒயிட் நதிக்குப் போகிறவர்களுக்கு அதில் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது: அணையிலிருந்து திடீரென்று வரும் தண்ணீர். பெண்டன்வில் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்கள் குழந்தைகளோடு அங்கே போவதால் எழுதுகிறேன்.

போன ஜனவரியில் ட்ரௌட் மீன் பிடிக்க அந்த ஆற்றில் காட்டர் ஊர்ப் பாலத்துக்குக் கீழே இறங்கினோம். நல்ல இளவெயில். மறுநாள்தான் வரும் என்று சொல்லியிருந்த வாடைக்காற்று மதியமே வந்துவிட்டது. தூண்டில் கம்பின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்து நூல் நகரவில்லை, விரலால் உடைத்து உடைத்துத்தான் வீச வேண்டியிருந்தது. சரி, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆபத்து அணையிலிருந்து வருகிறது. ஆற்றின் மேல்பக்கம் இருக்கும், 1951-ல் கட்டி முடித்த புல் ஷோல்ஸ் அணை, ஏரியின் அடியாழத்துத் தண்ணீரை விடுவதால் ஆறு வருடம் முழுக்கச் சில்லென்று ஓடுகிறது, அங்கே ட்ரௌட் பிழைப்பதே அதனால்தான். அதே அணையில் மின்சாரம் எடுக்க 8 இயந்திரங்கள் இருக்கின்றன. குளிர் திடீரென்று இறங்கினால் ஊரெல்லாம் ஹீட்டர் ஓடும், மின்தேவை ஏறும், உடனே டர்பைன்களை ஓட்டுவார்கள், மழை ஒரு சொட்டுகூடப் பெய்யாமலே முழங்கால் ஆழத்து ஆறு ஆளை இழுக்கும் அளவுக்கு ஏறிவிடும். அணையடியில் சங்கு ஊதுவார்கள், பல மைல் கீழே நிற்பவருக்கு அது எங்கே கேட்கும்?

தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்கக் கரையோரம் ஒரு வெள்ளைக் கல்லை அடையாளம் வைத்திருந்தோம். காய்ந்த இலைகள் கும்பலாக மிதந்து வரத் தொடங்கின, பார்த்தால் கல்லைக் காணோம். என் மைத்துனர் தூண்டிலில் இருந்த மீனோடு நூலை அறுத்துவிட்டு வந்தார். நாங்கள் கரையேறிக் கொஞ்ச நேரத்தில் நின்றிருந்த சரளைத்திட்டு முழுகிப்போனது.

மின் உற்பத்தி அட்டவணையை, அணை மின்சாரத்தை விற்கும் அரசு அமைப்பான சவுத்வெஸ்டர்ன் பவர் அட்மினிஸ்ட்ரேஷன் முன்கூட்டியே வெளியிடுகிறது. அது உத்தேசம்தான், மாறும், அதனால் கல்லையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடுங்குளிரில் போகவே கூடாது என்றில்லை. ஏரியில் ஷாட் என்ற சின்ன மீன்கள் குளிர் தாங்காமல் செத்து டர்பைன் வழியாக வெள்ளை வெள்ளையாக வரும்போது பெரிய பிரௌன் ட்ரௌட்கள் அவற்றைத் தின்ன வரும், அப்போது ஆற்றில் இறங்காமல் விவரம் தெரிந்த வழிகாட்டியோடு படகில் போய் வெள்ளை ஃப்ளை (செயற்கை இரை) போடலாம்.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை வந்தால், அட்டவணை பார்க்கச் சொல்லி ஒரு வரி கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
பெண்டன்வில் வாசகர்