இடப்பக்கச் சீட்டில் இருக்கப்போகும் தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சி,

லண்டனில் இருந்து டிஸ்னிலாண்ட் பாரிசுக்குக் காரிலேயே போகிறீர்கள் என்று கேட்டதும் எல்லாரும் உன் மனுசனுக்குத்தான் புத்தி சொல்லியிருப்பார்கள். நான் உனக்கு எழுதுகிறேன். கார் ஓடப்போவது அவர்தான். ஆனால் வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள இங்கத்தைய காரைக் கொண்டுபோய், றோட்டின் வலப்பக்கத்தால் ஓடும் பிரான்சில் ஓடும்போது பாதி வேலை இடப்பக்கச் சீட்டில் இருக்கிறவருக்கு. அந்தச் சீட்டில் இருந்து பழகியவள் சொல்கிறேன், வழியில் ஒரு நித்திரை போடலாம் என்று மட்டும் நினைக்காதே.

காருக்கு முன்னால் அம்மாவின் விசயம். அம்மாவிடம் இருப்பது இலங்கைப் பாஸ்போர்ட். இங்கே நிரந்தர வதிவிடம் இருந்தாலும் பிரான்சுக்குள் போக ஷெங்கன் விசா வேண்டும். பள்ளி விடுமுறை நெருங்க நெருங்க விண்ணப்பம் கொடுக்கப் போவதற்கு ஒரு நேரம் பதிவுசெய்வதே பெரும்பாடு. ஆகவே டிக்கெட்டுக்குக் காசு கட்ட முதல் அதைப் பார். உங்களுடைய பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுகளில் முடிவுத் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்காதே. பிரான்சுக்குள் போகும் நாளில் அது கொடுக்கப்பட்டு 10 வருடம் தாண்டியிருக்கக் கூடாது. திரும்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். 2018இல் நிறுத்தும்வரை பழைய பாஸ்போர்ட்டில் மிஞ்சிய மாதங்களையும் புதியதில் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்படிப்பட்டது கையில் இருந்தால் முடிவுத் தேதி உன்னை ஏமாற்றிவிடும்.

பிரெஞ்சுக்காரரின் பாஸ்போர்ட் பரிசோதனை இங்கே ஃபோக்ஸ்டனிலேயே, கடலடிச் சுரங்கத்தால் போகும் ரயிலில் கார் ஏறுமுன் நடக்கும். 2025 ஒக்டோபரில் தொடங்கிய புதிய முறைப்படி கைரேகையும் முகப்படமும் எடுக்கக்கூடும். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் படம் மட்டும்தான். வெள்ளென வெளிக்கிடுங்கள்.

கார் சாமான் பெரிய பட்டியல் இல்லை. எச்சரிக்கை முக்கோணம், மினுங்கும் மஞ்சள் அங்கி, பின்பக்கம் ஒட்ட 'யூகே' ஸ்டிக்கர் (பழைய 'ஜிபி' ஸ்டிக்கர் 2021 செப்டெம்பரோடு செல்லாது), லைசென்ஸ், காரின் லொக்புக் (பதிவுப் பத்திரம்), காப்புறுதிப் பத்திரம். அங்கியை டிக்கியில் போடாதே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கார் நின்றுவிட்டால் அதைப் போட்டுக்கொண்டுதான் வெளியே இறங்கலாம். முன் லைட்டுகள் இங்கத்தைய றோட்டுக்கு ஏற்றபடி இடப்பக்கம் சாய்ந்து அடிப்பவை. அங்கே அது எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். அதற்கென்று விற்கும் ஸ்டிக்கரைக் கண்ணாடியைத் துடைத்துக் காயவிட்டு, வீட்டு வாசலிலேயே ஒட்டிவிடுங்கள். புதுக் கார்களில் சிலதற்கு மெனுவில் மாற்றினாலே போதும். காப்புறுதிக் கம்பனிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்: இங்கே முழுக் காப்புறுதி என்றாலும் கடல் தாண்டியதும் அது மூன்றாம் தரப்புக்கு மட்டும் என்று சுருங்கிவிடும் திட்டங்கள் இருக்கின்றன.

இனி உன் வேலை. சுரங்க ரயிலில் 35 நிமிடம் காருக்குள்ளேயே இருப்பீர்கள். கலேயில் இறங்கினால் ஊருக்குள் கொஞ்சம் ஓடிப் பழக இடமில்லை, நேரே மோட்டர்வேதான். உண்மையில் அது பரவாயில்லை. எல்லா வாகனமும் ஒரே பக்கம் போகும்போது பிழை விடுவது கடினம். பிழை வருவது பெற்றோல் செட்டில் இருந்து வெளியே வரும்போது. விடியற்காலை, றோட்டில் ஒரு சனம் இல்லை, கை தானாக இடப்பக்கம் திருப்பும். ஒரே ஒரு விதியை மனதில் வை: நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நீ, புல் கரைக்குப் பக்கத்தில் அவர். மாறி இருந்தால் உடனே சத்தம் போடு, மரியாதை பார்க்காதே.

மோட்டர்வேயில் ஏறும்போது வாகனங்கள் உன் பக்கத்தால் வரும். அவர் உன்னைத் தாண்டி இடப்பக்கம் பார்க்க வேண்டும். அந்த நேரம் முன்னால் குனிந்து பையில் பிஸ்கட் தேடாமல் தலையைச் சீட்டோடு சாய்த்து வை. லொறிக்குப் பின்னால் போகும்போதும் முன்னே என்ன வருகிறது என்று முதலில் தெரிவது உனக்குத்தான்.

சுங்கச்சாவடிப் பெட்டியும் உன் பக்கம்தான். ஏ26 மோட்டர்வேயில் டிக்கெட் வரும், நீ எட்டி எடுக்க வேண்டும்; இறங்கும் இடத்தில் அதைக் கொடுத்துக் காசு கட்ட வேண்டும். தொலைத்தால் முழுத் தூரத்துக்கும் கணக்குப் போடுவார்கள். பின் சீட்டில் இருக்கிறவர்களிடம் விளையாடக் கொடுத்துவிடாதே. செம்மஞ்சள் 't' மட்டும் இருக்கும் வரிசைக்குள் நுழையாதீர்கள், அது தானாகவே காசு கழிக்கும் கருவியைக் கண்ணாடியில் ஒட்டியவர்களுக்கு. போனும் உன் கையில் இருக்கட்டும். சாரதி காதில் இயர்போன் வைப்பதுகூட 2015இல் இருந்து அங்கே குற்றம்.

வேகம் மோட்டர்வேயில் 130 கிலோமீட்டர், மழை என்றால் 110. உங்கள் மீட்டரில் பெரிய எழுத்தில் இருப்பது மைல். 130 என்றால் ஏறக்குறைய 80 மைல், 110 என்றால் 68. மழை தொடங்கியதும் நீ சொல்லு. பெற்றோல் அடிக்கும்போது 'கசோல்' என்று இருப்பது டீசல், உங்கள் காருக்கு அது வேண்டாம். மோட்டர்வேயில் கார் நின்றால் இங்கத்தைய பிரேக்டவுன் கம்பனியை அங்கேயே வரவழைக்க முடியாது. கரையில் இருக்கும் செம்மஞ்சள் எஸ்ஓஎஸ் போனில் அழைத்தால் அவர்கள் அனுமதித்த வண்டி வந்து இழுத்துப் போகும். தடுப்புக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நில்.

கலேயில் இருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர்: ஏ26, ஏ1, சார்ல்ஸ் டு கோல் விமான நிலையத்தடியில் ஏ104, பிறகு ஏ4இல் 14ஆவது வெளிவழி. பாரிஸ் நகருக்குள் போகவே தேவையில்லை, ஜிபிஎஸ் ஆசை காட்டினாலும்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாய். பிரெக்சிட்டுக்குப் பிறகு இங்கிருந்து இறைச்சியும் பால் சாமானும் கொண்டுபோக முடியாது. மட்டன் ரோல்ஸ் பொரித்துப் பெட்டியில் அடுக்காதே, கண்டால் பறித்துவிடுவார்கள். புளிச்சாதம், இடியப்பம், சம்பல் கட்டு. ஒரு நாள் பின்னேரம் காரை ஹோட்டலிலேயே விட்டுவிட்டு, பார்க் வாசலில் இருக்கும் ஸ்டேசனில் ஆர்ஈஆர் ஏ ரயிலில் ஏறி, ஷட்லேயில் மாறி 'கார் டு நோர்' ஸ்டேசனுக்குப் போங்கள். அங்கிருந்து நம் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பல் நடைதூரம். கொத்துரொட்டி, ரோல்ஸ், வாழைப்பழம் எல்லாம் கிடைக்கும், அம்மாவும் யாராவது தெரிந்தவரைக் கண்டுபிடித்துக் கதைக்கத் தொடங்கிவிடுவார். திரும்பி வரும் கடைசி ரயில் நேரத்தை மட்டும் முதலே பார்த்து வை.

அன்புடன்
அக்கா