11 மில்லிமீற்றரும் எங்கட மெக்கானிக்மாரும்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா,

போன ஞாயிறு உங்கட பேப்பரில பழைய மோட்டச்சைக்கிள் எஞ்சினின்ர மேல்பாகத்தைத் திருப்பிப் பூட்டுறது பற்றி ஒரு கட்டுரை வந்தது. வடக்கில உந்த வேலை முறையாத் தெரிஞ்ச ஆக்கள் இல்லை, ஹெட்டை, அதான் சிலிண்டரின்ர மேல்மூடியை, கழட்டினா கொழும்புக்கு அனுப்புறதுதான் புத்தி எண்டு போற போக்கில ஒரு வரி எழுதியிருக்கிறார் அந்தத் தம்பி. நீங்களும் அந்த வரியைத்தான் தேடிப் பிடிச்சுப் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறியள். மெத்தப் பெரிய உபகாரம். அதே கட்டுரையில பிஸ்டனைச் சுத்தியிருக்கிற றிங்கின்ர வெட்டுவாய் இடைவெளியை 11 மில்லிமீற்றர் எண்டும் பிழையா அச்சடிச்சிருக்கிறியள், அதுக்குக் கடைசியில வாறன்.

ஐயா, உங்களுக்குத் தெரியாததில்லை, 90க்குப் பிறகு பாதையும் பூட்டு பெற்றோலும் தடை, இஞ்ச ஓடினதெல்லாம் மண்ணெண்ணெயிலதான். காபரேட்டருக்குள்ள சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் எடுத்துப்போட்டுப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவம், றோட்டெல்லாம் புகை. மண்ணெண்ணெய்க்குக் கொம்பிறசன், அதான் சிலிண்டருக்குள்ள அமத்துற அமுக்கம், கூடினா எஞ்சின் தட்டும், அதுக்காக சிலிண்டருக்குக் கீழ கூட ஒரு பக்கிங் வெட்டி வைச்சுக் கொம்பிறசனைக் குறைச்சது ஆர், கொழும்பில இருந்து வந்த எஞ்சினியரோ? பிஸ்டன் தலையிலயும் வால்விலயும் கரி கட்டும், எரியாத மண்ணெண்ணெய் சுவரால வழிஞ்சு ஒயிலைத் தண்ணியாக்கும், றிங் தேயும், கழட்டு சுரண்டு பூட்டு, திரும்பக் கழட்டு. புது றிங்குக்கு வழியில்லாம வேற எஞ்சினின்ர றிங்கை எடுத்து நுனியில அரம் போட்டு அளவாக்கினவை எங்கட மெக்கானிக்மார். உப்பிடி ஹெட் கழட்டிப் பழகின கை இலங்கையில வேற எங்க இருக்கு எண்டு அந்தத் தம்பியைத்தான் கேக்கோணும்.

என்னட்டை அப்பாவின்ர பி.எஸ்.ஏ. பி31 இருக்கு, பழைய இங்கிலீசு மோட்டச்சைக்கிள், 350 சிசி. 95 ஒக்டோபர் இடப்பெயர்வில சாமானைக் கட்டி நாவற்குழிப் பாலத்தால உருட்டிக்கொண்டு போன வண்டி. 2002ல ஏ9 றோட்டு திறந்த கையோட, கட்டுரையில சொன்ன அதே புத்தியோட கொழும்பில பெரிய கராஜ் ஒண்டுக்குக் குடுத்தன், பேர் வேண்டாம். கண்ணாடி ஒபிஸ், ஏசி, பில்லும் அந்த அளவுக்குத்தான். கொண்டந்து ஓடினா கொஞ்ச நாளில சத்தம். கழட்டிப் பாத்தா பிஸ்டன் பின் வெளிய வராமப் பிடிக்கிற பழைய சேர்க்கிளிப்பையே திருப்பிப் போட்டிருக்கினம், அது கழண்டு சிலிண்டர்ச் சுவரை உழுதிருக்கு. அஞ்சு ரூபா சாமானுக்குப் பாத்து சிலிண்டரைத் திண்டிட்டினம்.

அதைச் சரிக்கட்டினவர் கோண்டாவிலில தகரக் கொட்டிலுக்க வேலை செய்யிற மனிசன். லேத்தில குடுத்து சிலிண்டரின்ர உள்வாயைக் கடைஞ்சு பெரிசாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார். கிளிப் போடமுந்தி சிலிண்டருக்குக் கீழ இருக்கிற கிராங்கேஸ் வாயில துணி அடைச்சார், தவறி உள்ள விழுந்தா அடியோட கழட்டோணும் எண்டு. றிங்கை முதல்ல வெறும் சிலிண்டருக்குள்ள விட்டு பிஸ்டனாலயே தள்ளி நேராக்கி இடைவெளி பாத்தார், பிறகு மூண்டு றிங்கின்ர வாயும் ஒரே நேருக்கு வராமத் திருப்பி வைச்சார். ஹெட் நட்டைக் குறுக்குக் குறுக்காக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினார், ஓடி ஆறினாப்பிறகு திரும்ப ஒருக்கா. ரப்பட், அதான் வால்வு இடைவெளி, வைச்சது எஞ்சின் குளிர்ந்திருக்கேக்க. அவரிட்டை இங்கிலீசு அளவு ஸ்பனர் செற் ஒண்டு இருக்கு, பழைய பி.எஸ்.ஏ. நட்டுக்கு இப்பத்தைய மில்லிமீற்றர் ஸ்பனர் போட்டா மூலை உருண்டிடும். கட்டுரையில ஸ்பனர் பற்றி ஒரு சொல்லுமில்லை. ஹெட்டுக்குக் கீழ வைக்கிற பழைய செப்புக் கேஸ்கட்டை அப்பிடியே திருப்பிப் போடலாமாம், அருமை! அமத்துப்பட்ட செப்பு இறுகியிருக்கும், சிவக்கக் காய்ச்சி இளக்காமப் போட்டா ஹெட்டால காத்துப் போகும், இது கராஜில தேத்தண்ணி வாங்கிக் குடுக்கிற பெடியனுக்கும் தெரியும்.

உங்கட பேப்பரில நாங்கள் எண்டா உப்பிடித்தான். முந்தி ஒருக்கா ட்ரையம்ப் படத்தைப் போட்டு பி.எஸ்.ஏ. எண்டு எழுதினியள், நான் எழுதின கடிதம் வரேல்லை. தெற்கில இருந்து யாவாரியள் வந்து இந்தப் பழைய சைக்கிளுகளை இரும்பு விலைக்கு அள்ளிக்கொண்டு போகினம் எண்டு எழுதினன், அதை வெட்டிக் கொத்தி, கடைசியில நான் ஏதோ இரும்பு யாவாரத்துக்கு ஆதரவு மாதிரிப் போட்டியள். மரண அறிவித்தலுக்குப் பக்கம் பக்கமா இடம் இருக்கு, சாகாம இருக்கிறவன் எழுதினா இடமில்லை.

சரி, விசயத்துக்கு வாறன். றிங் இடைவெளி 11 மில்லிமீற்றர் எண்டு அச்சடிச்சிருக்கிறியள். சுண்டுவிரல் பூந்து வரும் ஐயா அதுக்குள்ளால, கொம்பிறசன் எங்க நிக்கும்? காத்தால ஆறுற எஞ்சினுக்குப் பொதுக்கணக்கு, போர், அதான் சிலிண்டரின்ர உள் விட்டம், ஒரு அங்குலத்துக்கு ஆயிரத்தில நாலு. பி31 போர் 71 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட 2.8 அங்குலம், ஆக அங்குலத்தில ஆயிரத்தில 11, அதாவது 0.28 மில்லிமீற்றர். ஆயிரத்தை விழுங்கிப்போட்டு வெறும் 11ஐ எடுத்திருக்கிறார்.

வாற ஞாயிறு ஒரு மூலையில 0.28 எண்டு திருத்தம் போட்டுவிடுங்கோ. புள்ளியை விட்டிடாதேங்கோ.

இப்படிக்கு,
கோண்டாவில் வாசகன்