ஃபோர்மனை எந்தக் காலத்துக்கு அனுப்புவது?

அன்புள்ள மாரிக்கு,

இங்கே எல்லோரும் நலம். காயத்ரி கல்யாணத்துக்கு வராததற்கு நீ ஆற அமரத் திட்டி முடிக்கட்டும் என்றுதான் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். பாக்கி இருந்தால் நேரில் வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? பெருமாள் அண்ணன் இன்னும் அந்தத் தொப்பியோடுதான் திரிகிறாரா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2025 மார்ச்சில் குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மன் இறந்தபோது நீ போனில் ஒரு வரி அனுப்பினாய். "நல்ல மனுஷன்தான், ஆனா இன்னைக்கு இருக்கிற ஆளுங்ககிட்ட ரெண்டு ரவுண்டு தாங்கமாட்டாரு." இரங்கல் செய்தியா அது? அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனில் தட்டி மாளாது, அதனால்தான் கடிதம்.

ஒரு காலத்து ஆளை இன்னொரு காலத்து ஆளோடு மோதவிடும் இந்த விளையாட்டில் உனக்கொரு வசதி இருக்கிறது. நீ என்ன சொன்னாலும் மறுக்க அந்த மனிதன் எழுந்து வரப்போவதில்லை. 1969இல் இதற்கென்றே ஒரு படம் எடுத்தார்கள், தெரியுமல்லவா? பழைய சாம்பியன் ராக்கி மார்சியானோவும் முகமது அலியும் மயாமியில் ஒரு அரங்கத்துக்குள் நின்று குத்துவதுபோல் நடித்தார்கள். மார்சியானோ ஓய்வு பெற்று 13 வருஷம் ஆகியிருந்தது. வழுக்கையை மறைக்க டோப்பா வேறு. யார் ஜெயிப்பார் என்று கம்ப்யூட்டர் சொல்லும் என்றார்கள். அமெரிக்காவில் காட்டிய படத்தில் மார்சியானோ 13ஆம் ரவுண்டில் அலியை நாக்-அவுட் செய்தார். ஐரோப்பாவில் காட்டியதில் அலி ஜெயித்தார். டிக்கெட் வாங்குகிறவன் முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் கம்ப்யூட்டர்! அதற்கும் உன் வாதத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, கோபித்துக்கொள்ளாதே.

ஃபோர்மன் கதை அப்படியில்லை. அந்தச் சோதனையைத் தன் உடம்பை வைத்தே செய்து பார்த்தவர் அவர். 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் அன்றைய சாம்பியன் ஜோ ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு தடவை தரையில் சாய்த்து ஹெவிவெயிட் உலகப் பட்டம் வாங்கினார். அடுத்து ரோமன் ஒரு ரவுண்டு, நார்ட்டன் இரண்டு ரவுண்டு. மூன்று பட்டச் சண்டைக்கும் சேர்த்து மொத்தமே ஐந்து ரவுண்டுதான். 1974இல் கின்ஷாசாவில் அலியிடம் எட்டாவது ரவுண்டில் விழுந்தது உனக்கு மனப்பாடம், விடு. 1977 மார்ச்சில் போர்ட்டோ ரிக்கோவில் ஜிம்மி யங்கிடம் 12 ரவுண்டு ஆடித் தோற்றார். கடைசி ரவுண்டில் தரையையும் தொட்டார். அன்று உடைமாற்றும் அறையிலேயே கடவுளைக் கண்டதாகச் சொல்லிக் கையுறையைக் கழற்றியவர், ஹூஸ்டனில் பாதிரியாராகி, பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு மையமும் நடத்தினார். பத்து வருஷம் கழித்து 1987இல், அந்த மையத்துக்குப் பணம் வேண்டும் என்று திரும்பி வந்தார். மொட்டைத் தலை, பெருத்த வயிறு, முகம் நிறையச் சிரிப்பு. பழைய ஃபோர்மன் சிரித்து யார் பார்த்தது?

1991இல் 42 வயதில், அன்றைய சாம்பியன் ஹோலிஃபீல்டோடு 12 ரவுண்டு முழுசாக நின்றார். புள்ளியில் தோற்றார், விழவில்லை. ரவுண்டுக்கு நடுவே மூலையில் போடும் ஸ்டூலில்கூட உட்காராத மனுஷன். இருபத்தைந்து வயதில் எட்டு ரவுண்டுக்குள் மூச்சு வாங்கியவர் நாற்பதுக்கு மேல் பன்னிரண்டு ரவுண்டு தாங்கினார். எப்படி? இளம் ஃபோர்மன் ஒவ்வொரு குத்தையும் அதுவே கடைசிக் குத்து என்பதுபோல வீசுவார். கிழ ஃபோர்மன் சில்லறையை எண்ணி எண்ணிச் செலவழித்தார். கைகளை முகத்துக்கு முன்னால் குறுக்கே மடித்து வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வருவார். அந்தக் குறுக்குக் கை ஆர்ச்சி மூரின் பாணி. மூர் யார் என்று யோசித்துப் பார். 1955இல் மார்சியானோவை இரண்டாவது ரவுண்டில் கீழே தள்ளி, ஒன்பதாவதில் தோற்றவர். 1962இல் கிழவராக இளம் அலியிடமும் அடி வாங்கியவர். அப்புறம் ஃபோர்மனுக்கே பயிற்சி கொடுத்தவர். நீ சொல்லும் "அந்தக் காலம்", "இந்தக் காலம்" இரண்டுக்கும் நடுவே சுவர் எங்கே இருக்கிறது? ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வித்தை போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

இப்போது 1994 நவம்பர் 5, லாஸ் வேகஸ். மைக்கேல் மூரருக்கு 26 வயது, தோல்வியே காணாதவர், இடதுகைக்காரர், ஏழு மாதம் முன்புதான் ஹோலிஃபீல்டிடமிருந்து பட்டத்தைப் பறித்தவர். ஃபோர்மனுக்கு 45. வயதைக் காரணம் காட்டி உலகக் குத்துச்சண்டைச் சங்கம் அனுமதி மறுக்க, அவர் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்துத்தான் அந்தச் சண்டையே நடந்தது. கின்ஷாசாவில் போட்டிருந்த அதே சிவப்பு டிராயரை மறுபடி போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்கு அலியின் மூலையில் நின்ற பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி இந்தத் தடவை ஃபோர்மனின் மூலையில். ஒன்பது ரவுண்டு மூரர்தான் குத்தினார். மூன்று நடுவர்களின் சீட்டிலும் ஃபோர்மன் பின்தங்கியிருந்தார். எதிரே நிற்காதே, நகர்ந்துகொண்டே இரு என்று மூரருக்கு அவருடைய பயிற்சியாளர் மூலையிலிருந்து தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டே இருந்தார். பத்தாவது ரவுண்டில் மூரர் நின்றார். ஃபோர்மன் இடது கையை நீட்டி இடத்தைக் குறித்துக்கொண்டார், பின்னாலேயே வலது கை குட்டையாக வந்தது. ஓங்கவே இல்லை, வீடியோவைப் போட்டுப் பார், தோள் திரும்புவது மட்டும்தான் தெரியும். மூரர் மல்லாந்தார். நடுவர் பத்து எண்ணி முடித்தபோது ஃபோர்மன் தன் மூலையில் முழங்காலிட்டிருந்தார்.

இதை ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். பொறாமை.

இனி உன் வாதம். இப்போதைய ஆட்கள் ராட்சதர்கள் என்கிறாய். டைசன் ஃப்யூரி 6 அடி 9 அங்குலம், 2024 டிசம்பர் சண்டைக்கு எடை பார்க்க வந்தபோது 127 கிலோ. வாஸ்தவம். அந்த ராட்சதனை ஒரே வருஷத்தில் இரண்டு தடவை ஜெயித்த ஒலெக்சாண்டர் உசிக் எவ்வளவு உயரம்? 6 அடி 3 அங்குலம், நூறு கிலோவுக்குச் சற்று மேல். கிங்ஸ்டனில் நின்ற ஃபோர்மன் எவ்வளவு? அதே 6 அடி 3 அங்குலம், கிட்டத்தட்ட 99 கிலோ. 1973இல் ராட்சதன் என்று மிரண்டுபோன உடம்பும், இன்று பொடியன் என்று எழுதுகிற உடம்பும் ஒன்றுதான் மாரி! அதோடு, பெரிய உடம்பு புதுசா என்ன? 1919இல் டெம்ப்ஸி தன்னைவிட 25 கிலோ கூடுதலான ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு தடவை விழவைத்தார். ஆனால் அதில் ஒரு குறிப்பு. விழுந்தவன் எழும்போதே மறுபடி குத்தலாம் என்று இருந்த காலம் அது. எதிர் மூலைக்குப் போய் நில் என்று இன்றைய நடுவர் தள்ளியிருந்தால் டெம்ப்ஸியின் கணக்கு மாறியிருக்கும்.

சண்டையைத் தீர்மானிப்பது பாதி உடம்பு, பாதி சட்டம். ஃப்ரேசியரைத் திறந்த கையால் தள்ளித் தள்ளி, தோதான தூரத்தில் நிறுத்திக் குத்தியவர் ஃபோர்மன். இன்றைய நடுவர் அதற்கு எச்சரிக்கை கொடுப்பார். பதிலுக்கு இன்று 15 ரவுண்டு கிடையாது, 12தான். மூச்சு சீக்கிரம் தீர்கிற ஆளுக்கு அது லாபம். என் தீர்ப்பு இது: இளம் ஃபோர்மன் இன்று வந்தால் பத்தில் எட்டுப் பேரை நான்கு ரவுண்டுக்குள் முடிப்பார். ஃப்யூரியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மேலே சாய்ந்து எடையை இறக்கிக் களைப்பாக்குவதுதான் ஃப்யூரி வித்தை, தள்ளுவதில் பிறவி ஆசானிடம் அது செல்லாது. உசிக்கிடம் மட்டும் தோற்பார். 12 ரவுண்டு இழுத்துப் புள்ளியில் ஜெயித்தாரே ஜிம்மி யங், அதை உசிக் இடது கையால் இன்னும் சுத்தமாகச் செய்வார்.

இதில் இன்னொன்று என்னை உறுத்துகிறது. ஃபோர்மன் விலகிய அதே 1977க்குப் பிறகு அலி என்ன செய்தார்? ஷேவர்ஸின் இடி, ஸ்பிங்க்ஸோடு இரண்டு சண்டை, 1980 அக்டோபரில் ஹோம்ஸ். அதே வருஷத் தொடக்கத்தில்தான் மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை ஆடிவிட்டுப் போனார், பெருமாள் அண்ணன் பார்த்தேன் பார்த்தேன் என்று உயிரை எடுப்பாரே. ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொல்லியிருந்த மனிதரை 38 வயதில் மறுபடி மேடையேற்றிப் பத்து ரவுண்டு அடி வாங்கவைத்தார்கள். அடுத்த வருஷம் பெர்பிக்கிடம் இன்னும் பத்து. நான் அலி கட்சி, உனக்குத் தெரியும். ஹோம்ஸ் சண்டையை மட்டும் என்னால் முழுசாகப் பார்க்க முடிந்ததே இல்லை. அதே பத்து வருஷம் ஃபோர்மன் தலையில் ஒரு குத்துக்கூட விழவில்லை. 45 வயதில் அவர் பட்டம் வாங்கியதற்கும், 76 வயதுவரை தெளிவாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்ததற்கும் அந்த இடைவெளிதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. டாக்டர் இல்லை நான், ஆனாலும் தோன்றுகிறது. அலிக்கு அப்படி ஒரு பத்து வருஷத்தை யாராவது கொடுத்திருக்கலாம்.

பொங்கலுக்கு வருவதாக இருக்கிறேன், உன் வீட்டு மாடி அறை காலியா என்று எழுது. குற்றாலத்துப் பந்தயப் பணத்தை வட்டியோடு எடுத்து வை. ஃபோர்மன், உசிக் சண்டைக்கும் பந்தயம் கட்டத் தயார். எந்த வயது ஃபோர்மன், 12 ரவுண்டா 15 ரவுண்டா என்பதை மட்டும் நீ முதலில் எழுத்தில் கொடு. அப்புறம் மாற்றிப் பேசக்கூடாது.

உன்,
சங்கரன்