இதயநோய்ப் பயிற்சியில் ஆய்வுக்கு நேரம் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதயநோய் மருத்துவத்தில் உயர்சிறப்புப் பயிற்சி பெறுவோரிடம் ஆய்வுக் கட்டுரை கேட்கப்படுகிறது. ஆனால் ஆய்வு செய்யக் கற்பதற்கான நேரம் பல இடங்களில் ஒதுக்கப்படுவதில்லை. நானும் அவ்வாறு பயின்றவன்தான். இரவுப் பணி முடிந்த காலைகளில் பழைய நோயாளிக் குறிப்புகளைப் புரட்டி எண்களைத் திரட்டி, கடைசி மாதங்களில் அவசரமாக ஒரு கட்டுரையை எழுதி முடித்தேன். அதில் நானே குறிப்பிட்டிருந்த புள்ளியியல் சோதனையின் பொருள் எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது.

இது நோயாளிகளின் உயிரைத் தொடும் குறை. மாரடைப்புக்குப் பின் தோன்றும் மிகைத்துடிப்புகளை (இயல்பான தாளத்துக்கு இடையே வரும் கூடுதல் இதயத்துடிப்புகளை) மருந்தால் அடக்கினால் திடீர் மரணம் குறையும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்கள் உறுதியாக நம்பினார்கள். அந்த நம்பிக்கையைச் சோதித்து 1991-இல் விரிவாக வெளியான காஸ்ட் (CAST) ஆய்வில், மிகைத்துடிப்பை அடக்கும் என்கெய்னைடு அல்லது ஃபிளெகெய்னைடு மருந்தைப் பெற்ற 755 பேரில் 63 பேரும், மருந்தற்ற போலி மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தனர். ஈசிஜியில் மிகைத்துடிப்பு அடங்குவதைக் கண்டு நிறைவடைந்திருந்தால் இந்த உண்மை வெளிவந்தே இருக்காது.

முடிவுகளைப் படிக்கும் பக்குவமும் பயிற்சியால் வருவதே. 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், மாரடைப்பு வந்த 17,187 பேரிடம் ஆஸ்பிரின் இறப்பைக் குறைப்பது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அவர்களைப் பிறந்த ராசிப்படி பிரித்துப் பார்த்தபோது மிதுனம், துலாம் ராசியினருக்கு மட்டும் பயனில்லை என்று கணக்கு காட்டியது. தரவைச் சிறு குழுக்களாகக் கூறுபோட்டால் தற்செயலும் உண்மைபோல் தோன்றும் என்பதை உணர்த்தவே ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள். என் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

ஆகவே, கேத் லேப் (இதயக் குழாய்களுக்குள் நுண்குழாய் செலுத்திச் சோதிக்கும் கூடம்), எக்கோ (இதய ஒலியலைப் பரிசோதனை) பணிகளுக்கு அட்டவணை இருப்பதுபோல ஆய்வுக்கும் சில மாதங்களை ஒதுக்கி, அம்மாதங்களில் வேறு பணிக்கு அழைக்காதிருக்க வேண்டும். கேள்வியை முதல் ஆண்டிலேயே வகுத்தால்தான் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கும் நோயாளிகளைத் தொடர்ந்து கவனிப்பதற்கும் காலம் கிடைக்கும். தரவு சேரும் முன்பே, எத்தனை நோயாளிகள் தேவை என்று கணக்கிடும் கட்டத்திலேயே, புள்ளியியலாளர் உடன் இருக்க வேண்டும். சிகிச்சையால் பயனில்லை என்று நேர்மையாகக் காட்டும் ஆய்வுக்கும் தேர்வாளர்கள் முழு மதிப்பெண் வழங்க வேண்டும். அந்த உறுதி இல்லாததால்தான் விரும்பிய விடை வரும்வரை எண்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் பயிற்சிக் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது.

இப்படிக்கு,
இதயநோய் மருத்துவ ஆசிரியர் ஒருவர்